கைவிடப்பட்ட நிலையங்கள், கைவிட்டவர்கள்

புதுக்கவிதைக்கு அநேகமாக அலுத்துப்போகவேண்டிய, ஆனால் இன்னும் அலுக்காத படிமங்களில் ஒன்று ஆளற்ற ரயில் நிலையம். துருவேறிய தண்டவாளம், இறங்காத கைகாட்டி, எழுத்துதிர்ந்த ஊர்ப்பலகை, சிமெண்டு பெஞ்சின் கீழ் ஒரு நாய். இவ்வளவு போதும். மீதியைக் கவிஞனின் தனிமை நிரப்பிக்கொள்ளும். படிமம் செலாவணியாவதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு முன்னால் வந்து நிற்கும் ‘கைவிடப்பட்ட’ என்ற அடைமொழி பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் ‘படு’ என்ற துணைவினைக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதைச் சேர்த்துவிட்டால் செய்தவனைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது. நிலையம் கைவிடப்பட்டது, சரி, யாரால்? காலத்தால் என்று கவிஞன் சொல்வான். காலம் எந்த ஸ்டேஷனையும் மூடியதாகச் சரித்திரம் இல்லை. ஒரு கோப்பில் யாரோ கையெழுத்துப் போட்டுத்தான் ஸ்டேஷன்கள் மூடப்படுகின்றன. இந்தச் சின்ன இலக்கண விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்து ரயில் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

எங்கள் பக்கம் என்று நான் சொல்வது கட்டுமாவடி. பாக் நீரிணையின் கரையில், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகிழக்கு விளிம்பில், தஞ்சாவூர் மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிற மீன்பிடி ஊர். இங்கே ரயில் நிலையம் இல்லை, ஒருபோதும் இருந்ததுமில்லை. அறந்தாங்கிக்கோ பேராவூரணிக்கோ போனால்தான் ரயில். ஸ்டேஷனே இல்லாத ஊருக்குக் கைவிடப்பட்ட ஸ்டேஷனைப் பற்றிப் பேச என்ன பாத்தியதை என்று கேட்கலாம். பாத்தியதை வரிக்கணக்கில் இருக்கிறது.

1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாகும்வரை அறந்தாங்கியும் அதைச் சேர்ந்த கடற்கரையும் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லாவின் போர்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு காரியம் செய்தது. நிலவரியில் ரூபாய்க்கு மூன்று பை வீதம், அதாவது காலணா, ரயிலுக்கென்று தனி செஸ் விதித்து, அந்தப் பணத்தை ஆதாரமாக வைத்துச் சொந்தமாக ஒரு ரயில்பாதை போட்டது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைவரை சுமார் 54 மைல் பாதை, 1894 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பிறகு 1902இல் பட்டுக்கோட்டைக்கும், 1903 கடைசியில் அறந்தாங்கிக்கும் நீண்டது. ஆக மொத்தம் ஏறக்குறைய 100 மைல் மீட்டர் கேஜ். வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதை ஜில்லா போர்டின் சொத்து. பின்னால் கிருஷ்ணா ஜில்லா போர்டு பெஜவாடாவிலிருந்து மசூலிப்பட்டினத்துக்கும் (1908), திருநெல்வேலி ஜில்லா போர்டு திருச்செந்தூருக்கும் (1923) பாதை போட்டதற்குத் தஞ்சாவூர் முன்னோடி.

இதை ஜனநாயகத்தின் பொற்காலமாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. அன்றைய போர்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கலெக்டரும், மிராசுதார்களும், வக்கீல்களும். பாதை போட்டதற்கு முதல் காரணம் டெல்டாவின் நெல் வெளியே போகவேண்டும் என்பது. வேதாரண்யம், அதிராம்பட்டினம் பக்கத்து உப்பும் போகவேண்டும். காலணா செஸ்ஸை மிராசுதார் கட்டினார் என்று ரசீதில் இருக்கும். அது யார் உழைப்பிலிருந்து வந்தது என்று ரசீதில் இருக்காது. ஆனாலும் ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. லண்டனில் பங்கு வாங்கியவனுக்கு உத்தரவாத வட்டி கொடுத்துப் போட்ட பெரிய பாதைகளிலிருந்து இது மாறுபட்டது. இதன் மூலதனம் உள்ளூர் நிலத்தின்மேல் ஏற்றிய வரி. கட்டியவர்கள் பெயர் தெரியாதவர்கள் என்றாலும் ஊர்கள் தெரியும்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இந்தப் பாதையின் குணம் புரியும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம்வரை அது கடலை ஒட்டியே வருகிறது. அங்கிருந்து பட்டுக்கோட்டைக்கு உள்ளே திரும்பி, பேராவூரணி, ஆயிங்குடி வழியாக அறந்தாங்கி போய்விடுகிறது. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று ஒரு நீளக் கடற்கரை பாதைக்கு வெளியே நின்றுவிட்டது. செஸ் ஜில்லா முழுவதற்கும். ரயில் நெல் விளைந்த பக்கத்துக்கு. கருவாட்டு மூட்டை மாட்டுவண்டியில் உள்ளே போய்ச் சேர்ந்தால்தான் ரயிலைக் கண்ணால் பார்க்கும். 1934இல் வந்த கல்லணைக் கால்வாய்க்கும் இந்தப் பக்கம் வால்தான். கடைமடை என்பது தண்ணீருக்கு மட்டும் உரிய சொல் என்று நான் நினைக்கவில்லை. கைவிடப்படுவதற்குக்கூட முதலில் யாராவது கை பிடித்திருக்க வேண்டும். எங்கள் கரைக்கு அதுவும் நடக்கவில்லை.

அறந்தாங்கி அரை நூற்றாண்டுக் காலம் கடைசி ஸ்டேஷனாகவே இருந்தது. 1952இல்தான் காரைக்குடியோடு இணைப்பு வந்தது. அதற்குள் உடைமை மாறத் தொடங்கிவிட்டது. 1944இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1951இல் தெற்கு ரயில்வே உருவாயிற்று. 1958ஆம் வருஷத்துச் சட்டங்களோடு ஜில்லா போர்டு என்ற ஸ்தாபனமே இல்லாமல் போயிற்று. தேசியமயம் என்ற வார்த்தைக்கு நாம் எல்லாரும் கைதட்டியவர்கள், தட்டியதில் தவறில்லை. ஆனால் சொத்து பெரிய கைக்குப் போகும்போது அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்தவனின் ஞாபகம் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. ஒரு பாதை லாபமா நஷ்டமா என்று பிறகு கேட்கப்பட்டபோது, ‘இது யார் போட்ட பாதை?’ என்று கேட்க யாரும் மிச்சமில்லை.

இனி, மூடப்பட்ட பாதைக்கு வரலாம். இதே பழைய ஜில்லாவின் இன்னொரு முனையில், மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப் பாதை இருந்தது. சுமார் 30 கிலோமீட்டர். 1926இல் திறந்தது, 1986இல் மூடியது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி என்று ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே போதும், ஒரு பண்பாட்டின் குறுக்குவெட்டு கிடைத்துவிடும். டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டிய துறைமுகம் தரங்கம்பாடி. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கி, தமிழ் அச்சுக்கு ஓர் அத்தியாயம் எழுதிய இடம். 1845இல் டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் வியாபாரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ரயில் வராததால் க்ஷீணித்த ஊருக்கு, அறுபத்தைந்து வருஷம் கழித்து ரயில் வந்தது. அறுபது வருஷம் ஓடி, போதிய வருமானம் இல்லை என்று நின்றது. வந்ததும் போனதும் ஊரைக் கேட்டு நடந்த காரியங்கள் அல்ல.

‘வருமானம் இல்லை’ என்ற வாக்கியம் எப்படி உற்பத்தியாகிறது என்று பார்ப்பது நல்லது. கிளைப் பாதைகள் சாகிற முறை எங்கும் அநேகமாக ஒன்றுதான். முதலில் சரக்கு போகும். 1980களில் ரயில்வே, முழு வண்டி நிறையும் சரக்கே லாபம் என்ற கொள்கைக்குத் திரும்பியது. பத்து மூட்டை நெல்லும் நாலு கூடை மீனும் அனுப்புகிற ஸ்டேஷனுக்கு அதில் இடமில்லை. சரக்கு நின்றதும் வருமானம் பாதியாகும். வருமானம் குறைந்ததும் வண்டிகளின் எண்ணிக்கை குறையும். இரண்டே வண்டி, அதுவும் வேளைகெட்ட வேளையில் என்று ஆனபின் ஜனங்கள் பஸ்ஸுக்குப் போவார்கள். பிறகு கிராஸிங் பாதையைப் பிடுங்குவார்கள். கிராஸிங் இல்லாத இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் எதற்கு என்று அவரை எடுப்பார்கள். ஸ்டேஷன் ‘ஹால்ட்’ ஆகும். கமிஷனுக்குச் சீட்டு விற்க ஓர் ஆள். அவரும் ஒருநாள் இருக்க மாட்டார். அப்புறம் அதிகாரி வந்து பார்த்து, ஆளே இல்லையே என்பார். உண்மையைத்தான் சொல்வார்.

கணக்கு எழுதும் முறையும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. ஸ்டேஷன் கணக்கில், சீட்டு எங்கே விற்றதோ அந்த ஊரின் பெயரில்தான் பணம் ஏறும். எழும்பூரில் பொறையாறுக்குச் சீட்டு வாங்கினால் அது எழும்பூரின் வருமானம். தீபாவளிக்கு ஊருக்கு வந்து இறங்குகிறவன் கிளைப் பாதைக்குக் கூட்டம், பெரிய ஸ்டேஷனுக்குக் காசு. 1969இல் நஷ்டக் கிளைப் பாதைகளைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு குழுவை ரயில்வே போட்டது. நம்மூர் விசேஷமும் அல்ல இது. இங்கிலாந்தில் 1963இல் டாக்டர் பீச்சிங் கொடுத்த அறிக்கை 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது. அங்கே அவருடைய பெயர் வசையாகிவிட்டது. கோடரி என்றால் பீச்சிங் என்று குழந்தைக்கும் தெரியும். நம்மிடம் வசவுக்குக்கூட ஒரு பெயர் கிடைக்கவில்லை. ‘மூடப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினைதான் மிச்சம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ரயிலை விட்டுப் பஸ்ஸேறியவர்கள் ஊர்க்காரர்கள்தான். 1972இல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அரைமணிக்கு ஒரு பஸ் வாசலிலேயே நின்றபோது, ஒன்றரை மைல் நடந்து போய் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருகிற வண்டிக்காகக் காத்திருக்கச் சொல்வது வறட்டு லட்சியம். ஆனால் பஸ் யாரை ஏற்றிக்கொண்டது, யாரை விட்டுவிட்டது என்ற கேள்வி இருக்கிறது. மீன்கூடையோடு நிற்கிற பெண்ணைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஏறினாலும் இறக்கிவிடுவார்கள். இதற்குக் கடற்கரையில் யாரும் சாட்சி தேடிப் போகவேண்டியதில்லை. பாசஞ்சர் ரயிலில் அந்தக் கூடைக்கு இடம் இருந்தது. கறிகாய்க் கட்டு, தயிர்ப்பானை, கருவாட்டு மூட்டை, நடவுக்குப் போகும் கூலிப் பெண்கள் எல்லாம் குறைந்த காசில் ஒரே பெட்டியில் போனார்கள். கிளைப் பாதை மூடியதில் நஷ்டப்பட்டவர்கள் இவர்கள். இவர்களுக்கு நஷ்டக் கணக்கு எழுதும் புத்தகம் கிடையாது.

இவ்வளவும் சொன்னபின், இதே பாக் நீரிணையின் தென்கோடியில் இருக்கிற தனுஷ்கோடியை யாராவது எடுத்து நீட்டுவார்கள். அங்கே கைவிட்டது கடல்தானே, மனிதன் அல்லவே? தமிழில் கைவிடப்பட்ட ஸ்டேஷன் என்றால் மனதில் முதலில் எழுவது தனுஷ்கோடிதான் என்பதால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே சீட்டில் போக முடிந்தது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் கடலில் போயிற்று. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் போயிற்று. இதுவரை கடல் செய்த காரியம்.

அதே புயலில் பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126இன் உத்தரங்கள் அடித்துக்கொண்டு போயின. ஆறு மாதம் ஆகும் என்று மதிப்பிட்ட வேலையை ஸ்ரீதரன் என்ற இளம் இஞ்சினீயர் தலைமையில் 46 நாளில் முடித்தார்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பியது, தனுஷ்கோடிக்குத் திரும்பவில்லை. மனிதர் வசிக்க லாயக்கற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. பாலத்தை 46 நாளில் நிமிர்த்தத் தெரிந்த கைகளுக்கு, மேற்கொண்டு போட வேண்டிய பாதை முடியாத காரியமாக இருந்திருக்காது. வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். அந்த மணல் நாக்கின்மேல் மறுபடி ஒரு ஊரை வைப்பது விவேகமில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். நியாயமோ அநியாயமோ, அது ஒரு தீர்மானம். உடைத்தது கடல், விட்டுவிட்டது அலுவலகம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கடலின் தலையில் கட்டுவதுதான் நம் வழக்கம்.

‘ஆளற்ற’ என்ற சொல்லும் அங்கே பொய். மீனவக் குடும்பங்கள் அந்த மணலை விட்டு முழுவதும் போகவில்லை. மின்சாரமில்லாமல், நல்ல சாலையில்லாமல், கீற்றுக் குடிசைகளில் இருந்துகொண்டே இருந்தார்கள். இடிந்த ஸ்டேஷனையும் சர்ச்சையும் படமெடுக்க வந்தவர்களின் சட்டகத்துக்குள் அவர்கள் விழவில்லை. விழுந்தால் பேய் ஊர் என்ற வசீகரம் கெட்டுவிடும். அரிச்சல்முனைவரை தார்ச்சாலை 2017இல் வந்தது. 2019இல் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட அடிக்கல் நாட்டினார்கள். கல் இருக்கிறது, ரயில் இல்லை.

எதிர்க்கரையில் நடந்தது இன்னும் வேடிக்கை. தலைமன்னார்ப் பாதை கடலால் அல்ல, யுத்தத்தால் அழிந்தது. 1990இல் ரயில் நின்றது. 2015 மார்ச்சில் மீண்டும் ஓடியது. அதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தது இந்தியக் கடனுதவி. வேலையைச் செய்தது இந்திய ரயில்வேயைச் சேர்ந்த இர்கான் நிறுவனம். அக்கரையில் யுத்தம் பிய்த்தெறிந்த பாதைக்கு நம் பணமும் நம் இஞ்சினீயர்களும் போக முடிந்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு அந்த ரயில் வேண்டும். ஆனால் புயல், யுத்தம், கணக்குப் புத்தகம் என்ற மூன்றில் எது இரக்கமற்றது என்று ஒரு முடிவுக்கு வர இது உதவுகிறது. புயலுக்கும் யுத்தத்துக்கும் அழுகை உண்டு, நினைவுச் சின்னம் உண்டு, சில சமயம் நிவாரணமும் உண்டு. கணக்கில் செத்த பாதைக்குத் தண்டவாளத்தை ஏலம் விடுவதுதான் காரியம். இரும்பு போகும், பிறகு கட்டைகள் போகும். வயலுக்கு நடுவே ஒரு மண்மேடு கொஞ்ச காலம் நிற்கும்.

கணக்கும் மாறாத விதி அல்ல என்பதற்கு எங்கள் பழைய ஜில்லாவிலேயே அத்தாட்சி இருக்கிறது. நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதை 1970களில் நஷ்டம் என்று மூடிப் பிடுங்கப்பட்டது. 2011இல் புதிதாகப் போட்டு வண்டி விட்டார்கள். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளிப் பாதை 2004இல் நின்று, 2023 ஏப்ரலில் திரும்பியது. அதே நிலம், அதே ஊர்கள். இடையில் மாறியது அந்த ஊருக்காகப் பேச யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது. தரங்கம்பாடிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

எங்கள் ஜில்லா போர்டுப் பாதைக்கும் ஒரு மரணமும் ஒரு மறுபிறப்பும் உண்டு. சென்னையிலிருந்து கம்பன் எக்ஸ்பிரஸ் போய்வந்த அந்த மீட்டர் கேஜ், அகலப் பாதை வேலைக்காக 2012இல் நின்றது. 2018இல் காரைக்குடி–பட்டுக்கோட்டை, 2019இல் திருவாரூர்வரை என்று திறந்தார்கள். திறந்தபோது லெவல் கிராஸிங்குகளுக்குக் கேட் கீப்பர்கள் போடப்படவில்லை. ஆகவே கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். ஒவ்வொரு கேட்டிலும் வண்டி நிற்கும். முன்னாலிருந்து ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். வண்டி கடந்து நிற்கும். பின்னாலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணிநேரம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன நிலத்தின் வழியே இந்த வண்டி நின்று நின்று போனது. கோடிக்கணக்கில் செலவழித்துப் பாதை போட்டுவிட்டு, கேட்டுக்கு ஆள் போடாமல் ஓட்டினால் யார் ஏறுவார்கள்? யாரும் ஏறவில்லை என்று எழுதுவதற்குக் கோப்பு அப்போதே தயாராகிக்கொண்டிருந்தது என்று நான் சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகத்துக்கு நூறு வருஷத்து முகாந்திரம் இருக்கிறது.

கட்டுமாவடியில் இன்று விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கிறது. ஐஸ் பெட்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியிலும் வேனிலும் போகின்றன. ரயிலைப் பற்றி அங்கே யாருக்கும் ஏக்கம் இல்லை. இல்லாத பொருளுக்கு ஏக்கம் வராது. ஏக்கமெல்லாம் நம்மைப் போல எழுதுகிறவர்களிடம்தான் இருக்கிறது. அதுதான் எனக்குச் சங்கடம். இடிபாட்டின் அழகைப் பாடும்போது இடித்தவனுக்கு ஒரு ஒத்தாசை செய்கிறோம். அவனுடைய கையெழுத்தின்மேல் கொடி படரவிடுகிறோம்.

படிமத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆளற்ற ஸ்டேஷனைப் பற்றி இனியும் கவிதை எழுதுவார்கள். நல்ல கவிதையும் வரும். எழுதும்போது ‘கைவிடப்பட்ட’ என்று வந்தால் கொஞ்சம் நிறுத்தி, அந்தப் ‘பட்ட’வுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் எழுதலாம். மூன்று பை கட்டியவர்களுக்கு அவ்வளவாவது பாக்கி இருக்கிறது.